காவிரிக் கடலோரத்தில் பிடித்த உயிர்களை வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழையாறு முதல் கோடியக்கரை வரை, அதைத் தாண்டி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதியது. கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடியில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போய் வருபவர்களுக்கும் பொருந்தும். கடையில் வாங்கும் மீனைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பேசுவது கடலில் இருந்து நாமே எடுத்து வருவதைப் பற்றி மட்டும்.

கடலில் இருந்து நாமே பிடித்து வளர்ப்பது சட்டப்படி சரியா?

சரிதான், ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எந்த உயிர், எந்த இடம், எந்த முறை. மூன்றில் ஒன்று தப்பினாலும் குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, புலிக்கும் மானுக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கடலில் இருப்பவையும் அதன் பட்டியல்களில் உண்டு. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டும் இல்லை. உயிரோடு பிடிப்பதும், பொறி வைப்பதும், பிடிக்க முயல்வதும் வேட்டைதான். “நான் வளர்க்கத்தானே எடுத்தேன்” என்பது எந்த இடத்திலும் பதிலாகாது.

எவற்றைத் தொடவே கூடாது?

கடல் அட்டை எல்லா வகையும். கடல் குதிரையும் அதன் உறவான குழல் மீன்களும். பாறை கட்டும் பவளம் எல்லாம், அதோடு கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழாய்ப் பவளம், கடல் விசிறி. சுண்ணாம்புக் கடற்பஞ்சு. ராட்சத மட்டி, ஐவிரல் சங்கு போன்ற சில சிப்பி, சங்கு வகைகள். சுறாவிலும் திருக்கையிலும் பல வகை. கடல் ஆமை, ஓங்கில் (டால்பின்), ஆவுளியா (கடல் பசு) பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடல் அட்டை, பவளம், கடல் குதிரை எல்லாம் 2001ல்தான் இந்தச் சட்டத்துக்குள் வந்தன. 2022ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அமைத்தார்கள். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய புத்தகத்திலோ பழைய வீடியோவிலோ சொல்லும் அட்டவணை எண் இப்போது பொருந்தாமல் போகலாம், அதனால் எண்ணை நம்பாமல் உயிரின் பெயரை வைத்துப் பாருங்கள். முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

பாக் நீரிணைப் பக்கம் கடல் அட்டை காலில் மிதிபடும் அளவுக்குக் கிடக்கும். தொட்டியின் மணலைச் சுத்தமாக வைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு ஒன்றை எடுத்து வாளியில் போட மனம் வரும். போடாதீர்கள். அதைக் கடத்துகிறவர்களைப் பிடிக்க வனத்துறையும் கடலோரக் காவல் குழுமமும் எப்போதும் கண்ணாக இருக்கிற கடற்கரை இது. ஒன்று எடுத்தாலும் நூறு எடுத்தாலும் சட்டத்தின் முன் அது அதே உயிர்தான்.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டு, காலிச் சங்கு எடுக்கலாமா?

பட்டியலில் உள்ள உயிரின் ஓடும் எலும்புக்கூடும் கூட அதே பாதுகாப்புக்குள் வரும். ஆகவே செத்த பவளமும் வேண்டாம். தொட்டிக்குள் வைக்கும் ‘லைவ் ராக்’ பெரும்பாலும் பவளப்பாறைதான், அதை நம் கடலில் இருந்து எடுக்க வழியில்லை. செராமிக் கல், அல்லது சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் சேர்த்து வார்த்துப் பல வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்த கல் போதும். சில மாதத்தில் அதிலும் நுண்ணுயிர் குடியேறிவிடும்.

சாதாரண மட்டிச் சிப்பி, கிளிஞ்சல், சின்ன நத்தை ஓடு ஆகியவற்றைச் சரணாலயம் இல்லாத கரையில் கொஞ்சம் பொறுக்கலாம். சன்னியாசி நண்டு வளர்க்கப் போகிறீர்கள் என்றால் அவை தேவைப்படும். அந்த நண்டு வளர வளரப் பெரிய ஓட்டுக்கு வீடு மாறும், மாற்று வீடு இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சாகும். ஆனால் எடுக்கும் ஓட்டுக்குள் யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எடுங்கள். கரையில் இருக்கும் நல்ல ஓட்டை எல்லாம் நாம் அள்ளிவிட்டால் அங்கே இருக்கும் நண்டுக்கு வீடு இருக்காது.

2017ல் மீன் தொட்டிக்கே தடை வந்ததே?

மீன் தொட்டிக் கடைகளுக்கு 2017ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பல அலங்கார மீன்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் அதில் தடை இருந்தது. பிறகு அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. வன உயிரினச் சட்டம் அப்படியே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “தடையை எடுத்துவிட்டார்கள், எல்லாம் பிடிக்கலாம்” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

எந்த இடத்தில் பிடிக்கலாம், எங்கே கூடாது?

கூடாத இடத்தை முதலில் சொல்கிறேன். கோடியக்கரை 1967 முதல் வன உயிரினச் சரணாலயம். 2002 முதல் அந்த ஈரநிலம் முழுவதும் ராம்சார் இடம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் பட்டியலில் இல்லாத உயிரைக்கூட அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறையின் கையில் இருக்கிறது. படகில் போவதற்கே அனுமதி வாங்க வேண்டும், அங்கே சேற்றில் துள்ளும் மீனைப் பார்த்து ரசியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் பிச்சாவரமும் அப்படித்தான்.

அதிராம்பட்டினத்தில் இருந்து தெற்கே போனால் ஆவுளியா பாதுகாப்பகம். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டியது, 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள். மீனவர்கள் தொழிலுக்குப் போவதை அது நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கடல் புல்தான் ஆவுளியாவின் சாப்பாடு, கடல் குதிரையின் வீடு. பொழுதுபோக்குக்காக அந்தப் புல்லுக்குள் கைவலை போட்டு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமலே பிடித்துவிடுவோம்.

மன்னார் வளைகுடா நம் டெல்டா இல்லை, ஆனால் எல்லோரும் கேட்கிறார்கள். அதன் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கை வைக்கவே கூடாது.

மீதி இருக்கும் திறந்த கரைதான் நமக்கு. திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி இந்த வரிசையில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்களும், அலைத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கற்களின் ஓரமும் உயிர் நிறைந்த இடங்கள். துறைமுக வளாகத்துக்குள் உள்ள கற்களில் இறங்க அங்கே அனுமதி கேட்க வேண்டும். கருங்கல்லில் பாசி வழுக்கும், அலை வரும் நேரத்தில் இறங்கினால் காலை உடைத்துக்கொள்வீர்கள்.

காரைக்கால் கரைக்கும் இதே விதியா?

வன உயிரினச் சட்டம் மத்தியச் சட்டம், அதனால் பட்டியல் ஒன்றுதான். மீன்பிடி விதிகள் புதுச்சேரி அரசுடையவை. அரசலாறு முகத்துவாரத்தில் ஏதாவது செய்யும் முன் காரைக்காலில் உள்ள மீன்வளத் துறையில் கேளுங்கள், நாகப்பட்டினத்தில் கேட்ட பதில் அங்கே செல்லாது.

உரிமம் வாங்க வேண்டுமா? தடைக்காலத்தில் போகலாமா?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983, படகுகளின் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்கு உரியது. முழங்கால் ஆழத்தில் கைவலையோடு நின்று சொந்தத் தொட்டிக்கு இரண்டு நண்டு எடுப்பது வேறு விஷயம். படகில் போய்ப் பிடிப்பதோ விற்பதற்குப் பிடிப்பதோ என்றால் கதை மாறும், அப்போது மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தடைக்காலம் மீன் முட்டையிடும் காலம் என்பதால் வைத்தது. சட்டம் நம்மைத் தடுக்காவிட்டாலும், வயிற்றில் சினை ஒட்டியிருக்கும் நண்டையும் இறாலையும் எந்த மாதத்திலும் திரும்ப விட்டுவிடுவது நல்லது.

மீனவர் ஊரில் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை, ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். நம் கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, அந்தக் கரையில் நடப்பதற்கு அவர்கள் பொறுப்பு. வெளியூர் ஆள் வாளியும் வலையுமாக வந்து இறங்கினால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். ஊர்ப் பெரியவரிடம், “ஐயா, வீட்டுத் தொட்டிக்கு ரெண்டு நண்டு பிடிச்சுக்கிறேன், வித்துப் பிழைக்க இல்லை” என்று சொன்னால் போதும். பல சமயம் அவர்களே எங்கே இறங்கலாம், எங்கே சேறு இழுக்கும் என்று சொல்வார்கள். எந்த மாதத்தில் எது கரைக்கு வரும் என்பது எந்தப் படிப்பாளியையும் விட கரைவலை இழுக்கும் அண்ணன்களுக்குத் தெரியும்.

நம் கரையில் கோமாளி மீன் கிடைக்குமா?

கிடைக்காது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் நம் கரை. கலங்கிய தண்ணீரில் பவளம் வளராது, பவளம் சார்ந்த மீனும் இங்கே இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கின்றன. ஆசை இருந்தால் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சை வாங்குங்கள். தொட்டியில் பிறந்தது தொட்டித் தீனியைத் தின்னும், தொட்டியிலேயே நிலைக்கும்.

அப்போ என்னதான் பிடித்து வளர்ப்பது?

நம் கரைக்கு ஏற்ற தொட்டியைத்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பவளத்தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு நாகப்பட்டினத்துக் கடலில் இறங்கினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். ஏமாந்தவர்தான் அடுத்து, கூடாத இடத்துக்குப் போவார். மணலும் சேறும் முகத்துவாரமும் சேர்ந்த தொட்டி ஒன்றை வைத்துப் பாருங்கள், மாதக்கணக்கில் பார்த்தாலும் தீராது.

முதலில் சன்னியாசி நண்டு. சின்ன வகை, ஐந்தாறு போதும். உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும், மிச்சத் தீனியைத் தின்னும், பகலிலும் நடமாடும். அடுத்து உளுவை. தரையில் ஒட்டி நின்று கண்ணை உருட்டிப் பார்க்கும் இந்தச் சின்ன மீனுக்குத் தொட்டியில் ஒரு சிப்பியின் அடிப்பக்கம் கிடைத்தால் அதுவே அரண்மனை. கண்ணாடி போலத் தெரியும் சின்ன இறால் முகத்துவாரத்தில் கிடைக்கும். மிதந்து வந்த கட்டையில் ஒட்டிய கொட்டலசு (பார்னக்கிள்) உயிரோடு இருந்தால் அது காலை நீட்டித் தண்ணீரைத் துழாவுவதை இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆனால் அது சீக்கிரம் பட்டினியில் சாகும், ஒரு வாரத்தில் கடலுக்கே திருப்பிவிடுங்கள்.

கீச்சான் குஞ்சு அழகு. மேலே வளைந்த கருப்புக் கோடும் கையில் எடுத்தால் கீச்சென்ற சத்தமும் எல்லோருக்கும் பிடிக்கும். அது ஓர் அடி வரை வளரும், கூட இருப்பதைக் கடித்துக் குதறும். தனித்தொட்டி இருந்தால் மட்டும் எடுங்கள். பேத்தையும் அப்படியே, அதன் பல் நண்டு ஓட்டையே நொறுக்கும். மடவைக் குஞ்சு கூட்டமாக நீந்தும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் துள்ளும். மூடி இல்லாத தொட்டி என்றால் காலையில் தரையில்தான் கிடக்கும்.

மணலில் ஓடும் வெள்ளை நண்டு வேண்டாம், அதற்கு வேண்டியது கரை. நீலக்கால் நண்டும் வேண்டாம், அது சாப்பாட்டுக்கு வளர்கிற அளவு. சொறி மீனை (ஜெல்லி மீன்) எடுக்காதீர்கள், சதுரத் தொட்டியின் மூலையில் சிக்கிக் கிழிந்துபோகும்.

கரைவலையில் வரும் கழிவு மீனில் இருந்து எடுக்கலாமா?

இதுதான் சிறந்த வழி என்று நினைக்கிறேன். கரைவலை கரையேறும்போது விற்க முடியாத சின்ன உயிர்கள் மணலில் கொட்டப்படும். அவை எப்படியும் சாகப் போகின்றன. வலை ஏறும் நேரத்தில் கடல் தண்ணீர் நிரம்பிய வாளியோடு பக்கத்தில் நின்று, கேட்டு, உடம்பில் காயமில்லாததாகப் பார்த்து ஒன்றிரண்டு எடுங்கள். விசைப்படகின் இழுவை வலையில் வந்தவை பெரும்பாலும் பிழைக்காது, ஆழத்தில் இருந்து ஏறியதில் வயிறு உப்பி, செதிள் உரிந்து இருக்கும்.

கழிவில் கடல் குதிரை கிடந்தால்? உயிர் இருந்தால் உடனே கடலில் விடுங்கள். செத்திருந்தாலும் அழகாக இருக்கிறதே என்று காய வைத்து எடுத்து வராதீர்கள்.

எப்படிப் பிடிப்பது?

மெல்லிய கைவலை, வெள்ளை வாளி, அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வத்தம் நன்றாக இறங்கும். ஆனாலும் நம் கரையில் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டருக்குள்தான், குளம் குளமாகத் தேங்கும் பாறைக் கரையை எதிர்பார்க்காதீர்கள். கல்லைப் புரட்டினால் அதே பக்கம் அதே குழியில் திரும்ப வையுங்கள். அடியில் இருப்பவை வெயில் பட்டால் ஒரு மணி நேரம் தாங்காது. விஷம், வெடி இரண்டையும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது.

கையைக் குத்தினால்?

ஓரா, கெளுத்தி, திருக்கை மூன்றும் முள்ளால் குத்தும். கருப்பில் வெள்ளைக் கோடு போட்டுப் பந்தாகத் திரண்டு நீந்தும் கெளுத்திக் குஞ்சைப் பார்த்ததும் கையை நீட்டுவார்கள், அதன் முள்ளிலும் விஷம் உண்டு. குத்தினால் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். முள் உள்ளே இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

கூம்பு வடிவச் சங்கை உயிரோடு கையில் எடுக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் நத்தை ஈட்டி போன்ற பல்லால் விஷம் ஏற்றும். நீல வளையமோ நீலக் கோடோ தெரியும் சின்னப் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) கடித்தால் மூச்சுத் தசை செயலிழக்கும், மாற்று மருந்து கிடையாது. குழந்தைகளைக் கூட்டிப் போனால் இந்த இரண்டையும் படத்தில் காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

கடல் தண்ணீரையே கொண்டு வரலாமா? வேதாரண்யம் உப்பைக் கரைத்தால் ஆகாதா?

கடல் தண்ணீர் நல்லதுதான், மாதம் பார்த்து எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகள் நிறைந்து ஓடும்போது கரையோர உப்பு வெகுவாக இறங்கிவிடும், வயல் வடிகாலில் இருந்து வரும் மருந்தும் அதில் கலந்திருக்கும். மாசி முதல் ஆனி வரை, முகத்துவாரத்தையும் துறைமுகத்தையும் விட்டுத் தள்ளி எடுங்கள். உப்பளவை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம், அடர்த்தி மானியில் 1.025க்குப் பக்கம் இருக்க வேண்டும். துணியில் வடிகட்டி இருட்டில் சில நாள் வைத்து, காற்று ஓட்டி, பிறகு சேருங்கள்.

உப்பளத்து உப்பு ஆகாது. பாத்தியில் உப்பு விளையும் முன்பே சுண்ணாம்புச் சத்து படிந்து பிரிந்துவிடும், மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். கையில் வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். ஓடு வளர்க்கும் நண்டுக்கு விடுபட்ட அந்தச் சத்துகள்தான் உயிர். தொட்டிக்கென்று விற்கும் செயற்கை உப்பை வாங்குங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் இல்லை. நம் ஊர்ப் போர்த் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பாக இருக்கும், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

தஞ்சாவூர் வரை உயிரோடு எப்படிக் கொண்டு போவது?

விடியலில் பிடித்து வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். இரட்டைப் பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. தெர்மாக்கோல் பெட்டியில் அடுக்குங்கள். நண்டையும் மீனையும் ஒரே பையில் போடாதீர்கள். சன்னியாசி நண்டுக்கு ஈரத் துணி சுற்றிய டப்பா இருந்தால் அந்த நேரத்துக்குப் போதும். வீட்டில் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து ஒரு மணி நேரம் பழக்கிய பிறகு விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

தொட்டி எப்போது தயார்?

கடலுக்குப் போகும் முன்பே. தண்ணீர் ஊற்றி, வடிகட்டி ஓட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிச் சுழியமாகும் வரை நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் கிட் வாங்காமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. 100 லிட்டருக்குக் குறைந்த தொட்டி நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் சுடும், சூடேறினால் அதில் கரைந்த ஆக்ஸிஜன் குறையும். மேலே ஒரு சின்ன விசிறி ஓட விட்டால் ஓரிரு டிகிரி இறங்கும். கரண்ட் போனால் ஓட பேட்டரி காற்று மோட்டார் ஒன்று கட்டாயம்.

காட்டு மீனில் வெள்ளைப் புள்ளி நோய் இருக்கலாம், தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அதற்குப் போடும் செம்பு மருந்து நண்டையும் இறாலையும் கொன்றுவிடும், பொதுத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

என்ன தீனி?

மீன் துண்டு, மட்டிச் சதை, கொஞ்சம் பாசி. பண்ணை வனாமி இறாலைப் பச்சையாகப் போடாதீர்கள். அதன் வைரஸ் நோய் நண்டுக்கும் வரும். வேகவைத்துப் போடலாம்.

வேண்டாம் என்றால் கடலில் திரும்ப விடலாமா?

அதே கரையில் எடுத்தது, தொட்டியில் வெளி உயிர் எதுவும் சேரவில்லை, நோய் இல்லை என்றால் எடுத்த இடத்திலேயே விடலாம். கடையில் வாங்கியது ஒன்று கூட இருந்திருந்தால் எதையும் விடக் கூடாது. வளர்ப்புக்காக மண்டபம் பக்கம் கொண்டுவந்த காப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008ல் பார்த்தார்கள். தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் ஊற்றாமல் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்துக் கழிவுக் குழாயில் விடுங்கள்.

அதிகமாகக் கிடைத்ததை நண்பர்களுக்கு விற்கலாமா?

விற்காதீர்கள். காசு வந்ததும் அது தொழில் ஆகிவிடும், விதிகளும் வேறு. தேவைக்கு மேல் கிடைத்ததை அங்கேயே, வாளி சூடாகும் முன், கடலில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.